வரையும் பிள்ளைக்கு எந்தக் கல்லூரி?



நமது இதழில் சரக்கு நிலவரம், ஜி.எஸ்.டி. கணக்கு, தராசு முத்திரை, உணவுப் பாதுகாப்பு உரிமம் ஆகியவை பற்றி எழுதுவதுதான் வழக்கம். நானும் இரண்டொரு முறை மல்லி, வத்தல் இருப்பு வைப்பது குறித்து எழுதியிருக்கிறேன். இந்த முறை எழுதப் போவது வேறு விஷயம். ஆனாலும் நம் கடைக்குச் சம்பந்தம் இல்லாத விஷயம் அல்ல.

நம்மில் பலர் வீட்டில், பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் படம் போட்டுக்கொண்டிருக்கும் பிள்ளை ஒன்று இருக்கும். பத்தாவது வரைக்கும் அதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறோம். வருகிறவர்களிடம் எடுத்துக் காட்டுகிறோம். பிளஸ் டூ முடிக்கிற நேரத்தில்தான் கையைப் பிசைகிறோம். "பி.காம். சேர்த்துவிட்டுக் கடையில் உட்கார வைப்போம்" என்பது ஒரு வகை. பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து ஏதோ ஒரு கல்லூரியில் கொண்டுபோய்ப் பணத்தைக் கட்டுவது இன்னொரு வகை. இரண்டாவது தவறைச் செய்தவன் நான். அதனால்தான் இதை எழுதத் துணிந்தேன்.

நான் ஏமாந்த கதை

நான் பழைய எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவன். கீழப்பழுவூரில் மளிகை மொத்த வியாபாரம். இப்போது கடையை மகன் பார்க்கிறான்; நான் காலையில் மூன்று மணி நேரம் உட்காருவதோடு சரி. அவனுடைய மகள், என் பேத்தி, சிறு வயது முதல் வரைவாள். ஆலந்துறையார் கோயிலுக்கு அழைத்துப் போனால் சாமி கும்பிட்டுவிட்டு நந்தி எதிரில் உட்கார்ந்துவிடுவாள். கடைக்கு வந்தால் மூட்டை இறக்குகிறவர்களை வரைவாள். ஒரு பிள்ளையார் படம் வரைந்து எனக்குக் கொடுத்தாள். அதைச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டினேன். அவள் சாமி படம் வரையும் பிள்ளை என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிளஸ் டூவில் வணிகவியல் பாடம் எடுத்தாள். தேர்வு எழுதி முடித்ததும், தெரிந்தவர் ஒருவர் வந்து, "அனிமேஷன் படித்தால் உடனே வேலை" என்று ஒரு விளம்பரத்தைக் காட்டினார். பெரிய நகரம், கண்ணாடிக் கட்டடம், வாசலில் 'கல்லூரி' என்று கொட்டை எழுத்துப் பலகை. போன அன்றைக்கே 40,000 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டு வந்தேன். பிறகுதான் தெரிந்தது, அது எந்தப் பல்கலைக்கழகத்தோடும் இணைந்த கல்லூரி அல்ல, பயிற்சி மையம். பட்டம் வேண்டுமென்றால் அஞ்சல் வழியில் வேறோரிடத்தில் தனியாக எழுத வேண்டுமாம். அங்கே வரிசையாகக் கம்ப்யூட்டர் இருந்தது. சுவரில் ஒரு பிள்ளை வரைந்த படம்கூட இல்லை.

பேத்தி அங்கே ஒன்றும் பேசவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் சொன்னாள், "தாத்தா, அங்க யாருமே கையால வரையலையே."

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் அவளுடைய அப்பாயி என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு மூட்டை பருப்பு வாங்கப் போனா நாலு மண்டி ஏறி எறங்குறீங்க. புள்ளைக்குப் படிப்பு வாங்குறப்ப மட்டும் போர்டைப் பாத்துட்டுப் பணத்தைக் கட்டிட்டு வந்துட்டீங்களா?"

நாற்பத்தைந்து வருஷ வியாபாரத்தில் எந்தக் கம்பெனிக்காரரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. மறுநாளே போய் நின்றேன். அசல் சான்றிதழ்களைக் கேட்டு வாங்குவதற்கு மூன்று நடை நடந்தேன். முன்பணம் போனது போனதுதான்.

முதலில் ரகம் பாருங்கள்

எங்கள் கடையில் முப்பது வருஷமாகச் சாமான் வாங்கும் ஓவிய ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அரசுப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் போய் நின்றேன். "வரைந்த படம் எல்லாவற்றையும் கொண்டு வரச் சொல்லுங்கள். நல்ல படம் மட்டும் வேண்டாம்; கிழித்துப் போட நினைத்ததும் வேண்டும்" என்றார்.

இரண்டு சாக்குப் பையில் கொண்டு போனோம். அவர் திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்துக் குவியல் குவியலாக வைத்தார். மனிதர்களும் முகங்களும் ஒரு குவியல். நந்தி, சிங்கத் தூண் என்று கனமும் திரட்சியுமாக வரைந்தவை ஒரு குவியல். கோலம், சேலைக்கரை, பூவேலை ஒரு குவியல். எழுத்து, விலைப் பலகை, எண்ணெய் டின், பிஸ்கட் பாக்கெட், தீப்பெட்டி மேல் அட்டை என்று இன்னொரு குவியல். முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "எந்தக் குவியல் உயரம்?" என்று கேட்டார்.

நான்காவதுதான் உயரம். மற்ற மூன்றையும் சேர்த்தால்கூட அதன் உயரத்துக்கு வரவில்லை. பிள்ளையாரைச் சட்டம் போட்டு மாட்டிய எனக்கு அது பெரிய ஆச்சரியம். எங்கள் கடையில் பொங்கலுக்கு 'வெல்லம், பச்சரிசி, முந்திரி' என்று அழகாகப் பலகை எழுதி வைத்தவள் அவள்தான். அதை நான் கடை வேலை என்று நினைத்தேன். அவளுக்கு அதுதான் ஓவியமாக இருந்திருக்கிறது.

ஆசிரியர் சொன்னது இதுதான்: "ஓவியம் என்று ஒரே சரக்கு கிடையாது, ஐயா. உங்கள் மல்லியில் பாதாமி, ஈகிள், ஸ்கூட்டர் என்று ரகம் இருப்பது போல இதிலும் ரகம் உண்டு. ரகம் தெரியாமல் கல்லூரி தேடக் கூடாது. இது ஜோசியம் இல்லை. படிக்கப் போன பிறகு பிள்ளை மாறலாம். ஆனால் கை எந்தப் பக்கம் போகிறது என்பது இந்தக் குவியலில் தெரியும்."

இந்த ஒரு வாக்கியத்துக்கு 40,000 ரூபாய் கொடுத்தேன் என்று இன்று மனத்தைத் தேற்றிக்கொள்கிறேன்.

எந்த ரகத்துக்கு எந்தக் கல்லூரி

அதற்குப் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டவற்றை வாசகர்களுக்காக வரிசைப்படுத்துகிறேன்.

மனிதர்களையும் காட்சிகளையும் வண்ணத்தில் வரையும் பிள்ளைக்கு வண்ணக்கலை. களிமண்ணைக் கண்டால் விடாத பிள்ளைக்குச் சிற்பக்கலை. எழுத்து, விளம்பரம், அட்டை என்று போகிற பிள்ளைக்குக் காட்சிவழித் தகவல் வடிவமைப்பு. இந்த மூன்று பிரிவுகளும் நமக்குப் பக்கத்திலேயே கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் இருக்கின்றன. 1887-ஆம் ஆண்டு சிறிய ஓவியப் பள்ளியாகத் தோன்றிப் பிறகு அரசு கல்லூரியாக வளர்ந்தது அது. படிப்பு நான்கு வருஷம், பி.எஃப்.ஏ. பட்டம்.

சென்னையில் பெரியமேட்டில் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரி அதைவிடப் பழையது. 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கியது. அங்கே மேற்சொன்ன பிரிவுகளோடு துணி வடிவமைப்பு, சுடுமண் வடிவமைப்பு, பதிப்போவியம் ஆகியவையும் உண்டு. இந்த இரு கல்லூரிகளும் 2013-இல் தமிழ்நாடு அரசு உருவாக்கிய இசை மற்றும் கவின் கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. பிளஸ் டூவில் எந்தப் பாடப் பிரிவு எடுத்திருந்தாலும் சேரலாம். மதிப்பெண்ணை மட்டும் பார்க்காமல் கையால் வரையச் சொல்லித் தேர்வு வைத்துச் சேர்க்கிறார்கள்.

கோயில் சிற்பத்தில் ஈடுபாடு உள்ள பிள்ளைக்கு மாமல்லபுரம் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி. 1957-இல் தொடங்கியது. கல், மரம், சுதை, உலோகம் ஆகியவற்றில் மரபுச் சிற்பமும், மரபு ஓவியமும், கோயில் கட்டடக்கலையும் சொல்லித் தருகிறார்கள். கன்னியாகுமரியில் 133 அடி உயரத்தில் நிற்கும் திருவள்ளுவர் சிலையை அமைத்த கணபதி ஸ்தபதி அந்தக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். அவிநாசியில் தேர் பார்த்தோம், தஞ்சையில் கோபுரம் பார்த்தோம் என்று பேசும் நாம், அந்த வேலையைப் பட்டப் படிப்பாகப் படிக்கலாம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. நம் பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தத் தொழிலுக்கும் படித்த கைகள் தேவைப்படும்.

துணி, சேலைக்கரை, உடை என்று போகிற பிள்ளைக்குச் சென்னை தரமணியில் 1995 முதல் நடக்கும் நிஃப்ட் என்னும் தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனம். பொருள்களின் வடிவம், பாக்கெட், மரச்சாமான், எழுத்துரு என்று பல பிரிவுகள் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1961-இல் அகமதாபாத்தில் தொடங்கியது. ஐ.ஐ.டி.களில் வடிவமைப்புப் படிப்புக்கு யூசீட் என்ற தேர்வு உண்டு. இவை மூன்றுக்கும் அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். கட்டணமும் அரசு கவின் கலைக் கல்லூரியை விடப் பல மடங்கு.

வீடு, கோயில், கடைத்தெரு என்று கட்டடங்களையே அளவோடு வரைகிற பிள்ளைக்கு பி.ஆர்க். படிப்பு, ஐந்து வருஷம், நாட்டா என்ற தேர்வு எழுத வேண்டும். ஒரு படத்தோடு நிற்காமல் படத்துக்கு மேல் படமாகக் கதை சொல்லிக்கொண்டே போகிற பிள்ளைக்குத்தான் அனிமேஷன். அதற்கும் தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் அரசுப் படிப்பே இருக்கிறது. இது தெரியாமல்தான் நான் கண்ணாடிக் கட்டடத்தில் பணத்தைக் கட்டினேன்.

கொள்முதலுக்குப் போவது போலப் போங்கள்

ரகம் தெரிந்த பிறகு நானும் பேத்தியும் மகனுமாகக் கும்பகோணம் போனோம். இங்கிருந்து திருமானூர் வழியாகக் கொள்ளிடம் தாண்டித் திருவையாற்றில் இறங்கி வேறு பஸ் ஏறினோம். இந்தத் தடவை நான் வியாபாரியாகப் போனேன். மூட்டை மேல் இருக்கும் முத்திரையைப் பார்த்து நாம் சரக்கு வாங்குவதில்லை. உள்ளே ஊசி விட்டு மாதிரி எடுத்து, உள்ளங்கையில் வைத்து ஊதிப் பார்த்து, வாயில் போட்டுக் கடித்துப் பார்த்துத்தான் விலை பேசுகிறோம். கல்லூரிக்கும் அதே முறைதான். நான் பார்த்தவற்றைச் சொல்கிறேன்.

ஒன்று, விழா நாளில் போகாதீர்கள். சாதாரண வேலை நாளில் போங்கள். வகுப்பு நடக்கிறதா என்று தெரியும். நாங்கள் போனபோது பிள்ளைகள் மரத்தடியில் பலகையை மடியில் வைத்து வரைந்துகொண்டிருந்தார்கள். கையெல்லாம் கரி. பேத்தியின் முகத்தில் அப்போதுதான் வெளிச்சம் வந்தது.

இரண்டு, சுவரைப் பாருங்கள். அது மாணவர் வேலையா, வாங்கி மாட்டியதா என்று கேளுங்கள். எல்லாப் படமும் ஒரே மாதிரி இருந்தால் அங்கே ஆசிரியர் கையைத்தான் பிள்ளைகள் எழுதுகிறார்கள் என்று அர்த்தம். பத்துப் பிள்ளைகளின் படம் பத்து விதமாக இருந்தால் நல்லது. இது ஓவிய ஆசிரியர் சொல்லிக் கொடுத்தது.

மூன்று, கடைசி வருஷம் படிக்கும் பிள்ளை ஒன்றைத் தனியாகப் பிடித்து டீ வாங்கிக் கொடுத்துப் பேசுங்கள். எத்தனை ஆசிரியர், விடுதி எப்படி, படித்து முடித்த அண்ணன் அக்காக்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். அலுவலக அறையில் கிடைக்காத பதில் டீக்கடையில் கிடைக்கும்.

நான்கு, பட்டம் எந்தப் பல்கலைக்கழகம் தருகிறது என்று எழுத்தில் பாருங்கள். வாசல் பலகை பட்டம் தராது. இது எனக்கு 40,000 ரூபாய்ப் பாடம்.

ஐந்து, செலவை நான்கு வருஷத்துக்கும் சேர்த்துக் கணக்கிடுங்கள். அரசு கல்லூரியில் கட்டணம் குறைவு. ஆனால் வண்ணம், தூரிகை, காகிதம், கித்தான் என்று மாதாமாதம் செலவு உண்டு. பிள்ளை இதைக் கேட்கக் கூச்சப்படும். கடைக்கு மாதச் சிட்டை போடுவது போல இதற்கும் ஒரு தொகையை ஒதுக்கிவிடுங்கள். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டத்தை அரசு பெண்களுக்கு 2022-லும் ஆண்களுக்கு 2024-லும் தொடங்கியது. தகுதி உண்டா என்று பள்ளியில் விசாரியுங்கள்.

ஆறு, அசல் சான்றிதழை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். கல்லூரிகள் அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது, இன்ன தேதிக்குள் விலகினால் இன்ன சதவீதம் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்திருக்கிறது. ஆனால் பல்கலைக்கழக இணைப்பே இல்லாத இடத்தில் அந்த விதியைச் சொல்லி என்ன பயன்? ஆகவே நான்காவதை முதலில் பாருங்கள்.

காலம் தவறினால் சரக்கு கிடைக்காது

இன்னொரு முக்கியமான விஷயம். நாம் பிளஸ் டூ முடிவு வந்த பிறகுதான் யோசிக்க ஆரம்பிக்கிறோம். தேசிய வடிவமைப்பு நிறுவனம், நிஃப்ட், யூசீட் ஆகிய தேர்வுகள் அதற்கு முந்தைய குளிர் காலத்திலேயே நடந்து முடிந்துவிடும். விண்ணப்பம் அதற்கும் முன்னால், தீபாவளியை ஒட்டிய மாதங்களில். மே மாதத்தில் விசாரித்தால் ஒரு வருஷம் போச்சு. அரசு கவின் கலைக் கல்லூரிச் சேர்க்கை மட்டும்தான் பிளஸ் டூ முடிவை ஒட்டி வரும். அதனால்தான் எங்களுக்கு வாய்ப்புத் தப்பவில்லை.

அதற்கும் முன்னால், பத்தாவது முடித்துப் பாடப் பிரிவு எடுக்கும்போதே ஒரு யோசனை வேண்டும். பி.ஆர்க். படிக்கக் கணிதமும் இயற்பியலும் வேண்டும். வணிகவியல் எடுத்துவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும். மற்றக் கதவுகள் பெரும்பாலும் திறந்தே இருக்கும். பள்ளியில் படிக்கும்போதே அரசு தொழில்நுட்பத் தேர்வில் ஓவியம் கீழ்நிலை, மேல்நிலை எழுதி வைப்பது நல்லது. கைக்குப் பயிற்சியும் ஆகும். கையில் ஒரு சான்றிதழும் இருக்கும்.

நுழைவுத் தேர்வுக்கு ஓவிய ஆசிரியர் பேத்திக்கு வைத்த பயிற்சி எளிமையானது. தினம் ஒரு மணி நேரம் எதிரில் இருப்பதைப் பார்த்து வரைய வேண்டும். செல்போனில் இருக்கும் படத்தைப் பார்த்து வரையக் கூடாது. கடையில் இருந்த படிக்கல், எண்ணெய்த் தூக்கு, சாக்கு மூட்டை, தூங்குகிற நான் என்று எல்லாவற்றையும் நாற்பது நாள் வரைந்தாள். தேர்வு எழுதினாள். இடம் கிடைத்தது.

சோறு போடுமா?

இது தான் எல்லாரும் கேட்கும் கேள்வி. கேட்க வேண்டிய கேள்வியும்தான். உண்மையைச் சொல்கிறேன். எல்லாருக்கும் உடனே போடாது. புதுக்கடை திறந்தால் இரண்டு மூன்று வருஷம் கைப்பணம் போடுவது போல, இதிலும் முதலில் கொஞ்ச காலம் மெல்லத்தான் வரும். அரசு வேலை கிடைத்துவிடும் என்ற ஒரே நம்பிக்கையில் சேர்க்காதீர்கள். ஆனால் 'படம் போடுகிறவன் பிச்சைக்காரன்' என்று சொல்வதும் சரியல்ல. நம் கடைக்குள்ளேயே கொஞ்சம் சுற்றிப் பாருங்கள்.

வருஷம் பிறந்தால் வாடிக்கையாளருக்குக் காலண்டர் கொடுக்கிறோம். அதில் முருகனையும் லட்சுமியையும் இன்று நாம் நினைத்துப் பார்க்கும் உருவத்தில் வரைந்து பரப்பியவர்களில் முதன்மையானவர் கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜு (1898-1976). சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த படங்கள் சிவகாசி அச்சகங்களின் வழியாக வீட்டுக்கு வீடு போயின.

அலமாரியில் பார்லே-ஜி பாக்கெட்டை எடுங்கள். அதில் இருக்கும் குழந்தை யாருடைய புகைப்படமும் அல்ல. 1960-களில் மகன்லால் தாயா என்ற விளம்பர ஓவியர் வரைந்தது. குளிர்பெட்டியில் இருக்கும் அமுல் வெண்ணெயின் சிறுமி 1966-இல் யூஸ்டஸ் பெர்னாண்டஸ் என்ற ஓவியர் வரைந்தது. நாம் பணம் கட்டும் ஸ்டேட் பாங்கின் நீல வட்டச் சின்னம் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் பயின்ற சேகர் காமத் அமைத்தது.

எல்லாவற்றையும் விட ஒன்று. நாம் ஒவ்வொரு பில்லிலும் போடும் ரூபாய்ச் சின்னம், ₹, நம் பக்கத்துக் கள்ளக்குறிச்சியில் பிறந்த உதயகுமார் வரைந்தது. அவர் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் பி.ஆர்க். படித்தார். பிறகு மும்பை ஐ.ஐ.டி.யில் வடிவமைப்புப் படித்தார். தமிழ் எழுத்துகளின் வடிவம் பற்றியே ஆராய்ச்சி செய்தார். 2010 ஜூலையில் மத்திய அரசு அவருடைய சின்னத்தை ஏற்றது. கட்டடம் படிக்கப் போனவர் எழுத்துக்கு வந்தார் என்பதையும் கவனியுங்கள். ஆசிரியர் சொன்னது போல, ரகம் பிறகு தெளிவாகவும் செய்யும். சேர்ந்த படிப்போடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை.

இன்னும் பக்கத்தில் ஒருவரைச் சொல்கிறேன். ஓவியர் ஆதிமூலம் 1938-இல் கீரம்பூரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அன்றைக்கு நாமும் அதே திருச்சி ஜில்லாதான். ஓவியம் கற்கும் ஆசையோடு சென்னை போனவருக்கு வழி காட்டியவர் சிற்பி தனபால். சென்னை ஓவியக் கல்லூரியில் படித்து முடித்தார். காந்தி நூற்றாண்டை ஒட்டி அவர் கோட்டோவியங்களாக வரைந்த காந்தி வரிசை இன்றும் பேசப்படுகிறது. எத்தனையோ தமிழ்ப் புத்தகங்களுக்கு அட்டையும் எழுத்தும் வரைந்தார். 2008-இல் காலமானார். ஒரு தனபால் எதிர்ப்பட்டு, 'இந்தக் கல்லூரிக்குப் போ' என்று சொல்லியிராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். கிராமத்துப் பிள்ளைக்குக் கை இருக்கிறது; வழி சொல்ல ஆள்தான் இல்லை.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

வருஷா வருஷம் நம் சங்கத்தில் உறுப்பினர் பிள்ளைகளில் பத்தாவது, பிளஸ் டூவில் அதிக மதிப்பெண் எடுத்தவர்களுக்குப் பரிசு கொடுக்கிறோம். நல்ல காரியம். அதோடு நன்றாக வரையும் பிள்ளை ஒன்றுக்கும் ஒரு பரிசு கொடுக்கலாம். ரொக்கம் வேண்டாம், நல்ல வண்ணப் பெட்டியும் காகிதமும் போதும். பொதுக்குழு நடக்கும் மண்டபத்துச் சுவரில் ஒரு நாள் பிள்ளைகளின் படங்களை மாட்டலாம். ஒரு ஓவிய ஆசிரியரை அழைத்து வந்து பெற்றோரோடு பேச வைக்கலாம். ஒன்றிரண்டு வீட்டிலாவது என்னைப் போல முன்பணத்தை இழக்காமல் தப்பிப்பார்கள்.

பேத்தி இப்போது கடைசி வருஷம் படிக்கிறாள். போன தை மாதம் எங்கள் கடை மல்லித்தூளைக் கால் கிலோ பாக்கெட்டாகப் போட நினைத்தோம். அட்டைப் படம் வரைந்து கொடு என்றேன். நான் பிள்ளையாரை எதிர்பார்த்தேன். அவள் கீழப்பழுவூர் என்ற எழுத்தையே மல்லிச் செடி போல வளைத்து வரைந்திருந்தாள். எட்ட நின்று பார்த்தாலும் படிக்க முடிந்தது. கூடவே ஒரு காகிதம் நீட்டினாள். பார்த்தால் பில். வரைவதற்கு இவ்வளவு, இரண்டு முறை திருத்தம் இலவசம், மூன்றாவது முறைக்குத் தனி என்று போட்டு, கீழே ரூபாய்ச் சின்னத்தோடு தொகை.

"தாத்தாவுக்கே பில்லா? கொஞ்சம் கொறச்சுப் போடும்மா" என்றேன்.

"கடைக்குத்தான் பில் தாத்தா, ஒங்களுக்கு இல்ல" என்றாள்.

அவளுடைய அப்பா கல்லாவிலிருந்து முழுத் தொகையையும் எண்ணிக் கொடுத்தான். நான் பேரேட்டில் விளம்பரச் செலவு என்று எழுதிக்கொண்டேன்.